பத்து நாளில் பிறந்த மொழியும் பாமினியில் கிடக்கும் தமிழும்

வலைப்பக்கங்களுக்கு நிரல் எழுதுவது கணினி படித்தவர்களின் வேலை என்றோர் எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. எழுதுகிறவர்கள் எழுதட்டும், பக்கத்தைச் செய்கிறவர்கள் செய்யட்டும் என்று இரண்டையும் பிரித்து வைத்துவிட்டோம். ஆனால், வலைப்பக்க நிரலாக்கத்தின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், அது விஞ்ஞானிகளை மனதில் வைத்து உருவாக்கப்பட்ட ஒன்றல்ல என்பது தெரியவரும். நிரல் எழுதிப் பழக்கமில்லாதவர்களும் பயன்படுத்த வேண்டும் என்ற நோக்கத்துடனேயே அது செய்யப்பட்டது. ஒருவர் எழுதியதை மற்றொருவர் திறந்து பார்த்துக் கற்றுக்கொண்டதால், பள்ளிக்கூடமும் வாத்தியாரும் இல்லாமலே அது உலகெங்கும் பரவியது. இணையத்தில் தமிழ் நிலைபெற்ற கதை இந்தப் பெருங்கதையின் ஒரு கிளை.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. 1990களிலும் அடுத்த பத்தாண்டின் முற்பகுதியிலும் கணினியில் கோர்க்கப்பட்ட தமிழில் பெரும்பகுதி, அக்காலத்து எழுத்துருக்களுக்குள் இன்னமும் அடைபட்டுக் கிடக்கிறது. பத்திரிகைகள், கோயில் மலர்கள், ஊர்ச் சங்க வெளியீடுகள், நினைவு மலர்கள், அச்சேறாத நாவல்கள் என்று அந்தப் பட்டியல் நீளும். அவற்றை வெளியே எடுக்கும் சாவி பெரும் பொருட்செலவில் செய்யப்பட்ட மென்பொருள் அல்ல. வலைப்பக்க நிரலின் அரிச்சுவடி தெரிந்த எவரும் செய்துகொள்ளக்கூடிய சாவிதான் அது.

அச்சுக்கூடத்தின் பிள்ளை

நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த காலத்தில் செய்தி கையெழுத்துப் பிரதியாகவே அச்சுக்கூடத்துக்குப் போகும். அச்சுக் கோப்பாளர் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோர்ப்பார். எந்த வரி தலைப்பு, எது தடித்த எழுத்தில் வரவேண்டும், எங்கே புதிய பந்தி தொடங்குகிறது என்பதையெல்லாம் உதவி ஆசிரியர் பிரதியின் ஓரத்தில் குறித்து அனுப்புவார். அந்தக் குறிகள் வாசகருக்கு உரியவை அல்ல. வாசகர் அவற்றைக் காணமாட்டார். அவற்றின் விளைவை மட்டுமே காண்பார்.

வலைப்பக்கத்தின் அத்திவாரமும் இந்தப் பழக்கந்தான். 1969இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய சார்ள்ஸ் கோல்ட்பார்ப் என்பவரும் அவருடைய சகாக்கள் இருவரும் ஆவணங்களுக்கான குறிமொழி ஒன்றை வகுத்தார்கள். கோல்ட்பார்ப் சட்டம் படித்தவர். ஒரு வரி எப்படித் தோன்ற வேண்டும் என்று சொல்வதைவிட, அது என்ன என்று சொல்வதே சிறந்தது என்பதுதான் அந்த மொழியின் சாரம். 'இது தலைப்பு', 'இது பந்தி' என்று குறித்துவிட்டால் போதும். அளவையும் வடிவத்தையும் பின்னர் தீர்மானித்துக் கொள்ளலாம். இக்கருத்து வளர்ந்து, எஸ்.ஜி.எம்.எல். என்ற பெயரில் 1986இல் சர்வதேச நியமமாயிற்று.

ஜெனீவாவுக்கு அருகிலுள்ள சேர்ன் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய ரிம் பேர்னர்ஸ்-லீ, 1989 மார்ச் மாதத்தில் தமது வலைத் திட்டத்தை எழுதி முன்வைத்தார். 1991 ஓகஸ்ட் 6ஆம் திகதி அதை வெளியுலகுக்கு அறிவித்தார். பக்கங்களை எழுத அவர் எடுத்துக்கொண்டது எஸ்.ஜி.எம்.எல். வழிவந்த ஓர் எளிய மொழி. அதுவே எச்.ரி.எம்.எல். 1991இல் அவர் வெளியிட்ட விவரணத்தில் 18 குறிகளே இருந்தன. ஒரு பிற்பகலில் படித்து முடித்துவிடலாம். 1993 ஏப்ரல் 30ஆம் திகதி, வலைக்கான மென்பொருளை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று சேர்ன் அறிவித்தது.

இவற்றோடு மற்றொரு வசதியும் சேர்ந்தது. எந்தப் பக்கத்தின் மூலத்தையும் திறந்து பார்க்கும் வழி, தொடக்ககால உலாவிகளிலேயே இருந்தது. அழகாக அமைந்த பக்கம் ஒன்றைக் கண்டால், அதைச் செய்தவர் எந்தக் குறியை எங்கே இட்டார் என்பதை அவரிடம் கேட்காமலே அறிந்துகொள்ளலாம். ஒப்பிட்டுப் பாருங்கள்: ஒரு பத்திரிகையை வாங்கிய வாசகருக்கு, அதன் மூலப் பிரதியையும் உதவி ஆசிரியரின் குறிகளையும் யாராவது இலவச இணைப்பாகக் கொடுத்ததுண்டா? வலை அதைத்தான் செய்தது.

பதில் சொல்லத் தெரியாத பக்கம்

எச்.ரி.எம்.எல். ஒரு பக்கத்தைக் காட்டும், அவ்வளவுதான். வாசகர் ஒன்றைக் கேட்டால் பதில் சொல்ல அதற்குத் தெரியாது. கூட்டல் கழித்தல் செய்யாது. இந்தக் குறையைத் தீர்க்க முதலில் எடுக்கப்பட்ட முயற்சி வழங்கியின் பக்கத்தில் நடந்தது. அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் இயங்கிய என்.சி.எஸ்.ஏ. நிலையம் 1993இல் சி.ஜி.ஐ. என்ற ஏற்பாட்டை வகுத்தது. வாசகர் ஒரு படிவத்தை நிரப்பி அனுப்பினால், வழங்கியில் உள்ள ஒரு நிரல் அதை வாங்கிப் படித்து, புதிய பக்கம் ஒன்றைத் தயாரித்துத் திருப்பி அனுப்பும். இந்நிரல்களை எழுதப் பெரிதும் பயன்பட்டது 1987இல் லரி வோல் உருவாக்கிய பேர்ல் மொழி. அவர் மொழியியல் கற்றவர் என்பது குறிப்பிடத்தக்கது. 1995 ஜூன் மாதத்தில் ரஸ்மஸ் லேர்டோர்ப் தமது சொந்தப் பக்கத்துக்காக எழுதிய கருவிகளை வெளியிட்டார். அவையே பி.எச்.பி. மொழியாக வளர்ந்தன.

ஆனால், ஒவ்வொரு சிறு கேள்விக்கும் பக்கம் வழங்கிவரை போய்த் திரும்ப வேண்டியிருந்தது. தொலைபேசிக் கம்பி வழியாக இணையத்தைத் தொட்ட அந்நாட்களில், படிவத்தில் ஒரு கட்டத்தை வெறுமையாக விட்டதை அறிவதற்குக்கூட நெடுநேரம் காத்திருக்க நேர்ந்தது. வாசகரின் கணினிக்குள்ளேயே, உலாவிக்குள்ளேயே ஒரு சின்ன நிரல் ஓடினால் என்ன என்ற கேள்வி அப்போது எழுந்தது.

அந்தப் பத்து நாட்கள்

இக்கேள்விக்கு விடை கலிபோர்னியாவிலுள்ள நெட்ஸ்கேப் நிறுவனத்திலிருந்து வந்தது. 1994இல் தொடங்கப்பட்ட அந்நிறுவனத்தின் உலாவி, மிகக் குறுகிய காலத்தில் பெரும்பான்மையோரின் உலாவியாகிவிட்டது. 1995 ஏப்ரலில் அங்கே பிரெண்டன் ஐக் என்ற நிரலாளர் வேலைக்குச் சேர்ந்தார். உலாவிக்குள் 'ஸ்கீம்' என்ற மொழியைக் கொண்டுவரலாம் என்பதே அவரை அழைத்தபோது இருந்த பேச்சு. ஸ்கீம், கல்விக்கூடங்களில் மதிக்கப்பட்ட மொழி.

ஆனால், அதற்குள் வியாபாரம் குறுக்கிட்டது. சண் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் ஜாவா மொழி அப்போது பெரும் பேச்சாக இருந்தது. ஜாவாவையும் உலாவிக்குள் கொண்டுவர நெட்ஸ்கேப் இணங்கியது. ஜாவா இருக்கும்போது இன்னொரு மொழி எதற்கு என்ற கேள்வி நிறுவனத்துக்குள்ளேயே எழுந்தது. அதற்குச் சொல்லப்பட்ட நியாயந்தான் நமக்கு முக்கியமானது. ஜாவா, தொழில்முறை நிரலாளர்களுக்கு உரியது. பக்கத்தை வடிவமைப்பவரும், ஓய்வு நேரத்தில் நிரல் எழுதிப் பார்ப்பவரும், பக்கத்துக்குள்ளேயே நேரடியாக எழுதிப் பயன்படுத்த ஓர் எளிய மொழி வேண்டும். வெளித்தோற்றத்தில் அது ஜாவாவைப் போல இருக்க வேண்டும் என்பது மேலிடத்தின் நிபந்தனை.

1995 மே மாதத்தில், பத்து நாட்களில், ஐக் அதன் முதல் வடிவத்தை எழுதி முடித்தார். தோற்றத்தை ஜாவாவிடமிருந்தும் உள்ளுயிரை ஸ்கீம், செல்வ் என்ற இரு மொழிகளிடமிருந்தும் எடுத்துக்கொண்டார். நிறுவனத்துக்குள் அதற்கு வைத்த பெயர் 'மோக்கா'. செப்டெம்பரில் அது 'லைவ்ஸ்கிரிப்ட்' ஆயிற்று. டிசம்பர் 4ஆம் திகதி நெட்ஸ்கேப்பும் சண் நிறுவனமும் கூட்டாக விடுத்த அறிவிப்பில் அதற்கு 'ஜாவாஸ்கிரிப்ட்' என்று பெயர் சூட்டப்பட்டது. ஜாவாவுக்கும் அதற்கும் உள்ள உறவு பெயரளவில்தான் அதிகம். ஒரு வருடத்துக்குள் மூன்று பெயர்கள் கண்ட அந்தக் குழந்தையோடு நெட்ஸ்கேப் 2.0, 1996 மார்ச் மாதத்தில் வெளிவந்தது.

ஐந்து அடிப்படைகள்

இந்த மொழியைத் தொட நினைக்கிறவர் அறிய வேண்டிய அடிப்படைகள் ஐந்துதான். எனக்கு ஐம்பது வயதைத் தாண்டிய பின்னர், பிறருடைய பக்கங்களின் மூலத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தே நான் இவற்றைக் கற்றேன். அச்சுக்கூடம் தெரிந்தவர்களுக்கு இவை அந்நியமானவை அல்ல.

முதலாவது மாறி. பெயர் எழுதி ஒட்டப்பட்ட ஓர் அறை என்று கொள்ளலாம். ஈய எழுத்துகளை இட்டு வைக்கும் தட்டில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் அறை இருந்ததைப் போல, ஓர் எண்ணையோ சொல்லையோ இதில் இட்டு வைக்கலாம். வேண்டும்போது எடுக்கலாம், மாற்றலாம். இரண்டாவது நிபந்தனை. செய்தி நீண்டுவிட்டால் கடைசிப் பந்தியை வெட்டு, இல்லையென்றால் அப்படியே விடு என்று நாம் சொல்வதைப் போன்றது. மூன்றாவது சுழற்சி. ஒரே வேலையை முதல் வரி தொடங்கிக் கடைசி வரிவரை திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வது. நான்காவது செயற்கூறு. பல கட்டளைகளைச் சேர்த்து ஒரு பெயர் வைத்துவிட்டால், பிறகு பெயரைச் சொல்லி அழைத்தால் போதும். ஐந்தாவது நிகழ்வு. வாசகர் ஒரு பொத்தானை அழுத்தினார், ஒரு கட்டத்தில் எழுதினார் என்றால், அந்தக் கணத்தில் எந்தச் செயற்கூறு இயங்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைப்பது.

அவசரத்தில் பிறந்ததன் தழும்புகளும் அதில் உண்டு. மேற்கோள் குறிக்குள் இட்ட 1 என்ற எழுத்தோடு 1 என்ற எண்ணைக் கூட்டச் சொன்னால் விடை 2 அல்ல, 11. பிழை என்று சொல்லி நிறுத்துவதற்குப் பதிலாக, இரண்டையும் எழுத்தாகக் கருதி ஒட்டிவைத்துவிடும். ஜனவரியின் எண் 1 அல்ல, 0. இது ஜாவாவின் அன்றைய திகதி ஏற்பாட்டை அப்படியே பெயர்த்து எடுத்ததால் வந்த வினை. ஆண்டைக் கேட்டால் 1900இலிருந்து கடந்த ஆண்டுகளின் தொகையைச் சொன்னது. அதன் முன்னால் 19 என்று எழுதி வைத்திருந்த பக்கங்கள், 2000 ஜனவரி முதலாம் திகதி ஆண்டை 19100 என்று காட்டின.

ஆயினும், கற்கத் தொடங்குகிறவருக்கு இந்த மொழி அனுகூலமாகவே இருந்தது. வரியின் முடிவில் அரைப்புள்ளி இட மறந்தால், தானே இட்டுக்கொள்ளும். நிரலில் ஓரிடம் பிழைத்தாலும் பக்கத்திலுள்ள எழுத்துகள் வழமைபோலத் தெரியும். எழுதுவதற்குச் சாதாரண நோட்பேட் போதும். ஓட்டிப் பார்ப்பதற்கு உலாவி போதும். வேறெந்த மொழிக்கும் அப்போது இவ்வளவு மலிவான வாசல் இருக்கவில்லை.

இரண்டு உலாவிகளுக்கு இடையில்

மைக்ரோசொப்ட் சும்மா இருக்கவில்லை. 1996 ஓகஸ்டில் வெளியான இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 3இல், ஜாவாஸ்கிரிப்டின் மறுபதிப்பை 'ஜேஸ்கிரிப்ட்' என்ற பெயரில் சேர்த்தது. அடுத்த ஆண்டு வெளிவந்த இரு நிறுவனங்களின் நான்காம் பதிப்புகளும் பக்கத்தின் உறுப்புகளை வெவ்வேறு பெயர்களால் அழைத்தன. ஒரே வேலைக்கு இரண்டு நிரல் எழுதி, வாசகரிடம் இருப்பது எந்த உலாவி என்று முதலில் சோதித்து, அதற்கேற்ற வழியில் செலுத்த வேண்டியிருந்தது. 'இது இந்த உலாவியில் பார்ப்பதற்கு உகந்தது' என்ற பலகை முகப்பில் தொங்கிய காலம் அது.

இதைக் கட்டுக்குள் கொண்டுவர, ஜெனீவாவைத் தளமாகக் கொண்ட எக்மா நியம அமைப்பு 1997 ஜூன் மாதத்தில் மொழியின் இலக்கணத்தை வெளியிட்டது. ஜாவாஸ்கிரிப்ட் என்ற பெயரின் வர்த்தக உரிமை சண் நிறுவனத்திடம் இருந்ததால், நியமத்துக்கு 'எக்மாஸ்கிரிப்ட்' என்று பெயர் வைக்கப்பட்டது. தோற்றத்தைக் கவனித்துக்கொள்ள, ஹோகன் வியும் லீ 1994இல் முன்மொழிந்த சி.எஸ்.எஸ். 1996 டிசம்பரில் நியமமாகியிருந்தது. பொருளுக்கு எச்.ரி.எம்.எல்., தோற்றத்துக்கு சி.எஸ்.எஸ்., செயலுக்கு ஜாவாஸ்கிரிப்ட் என்ற மூன்று அடுக்குகள் இவ்வாறுதான் பிரிந்தன. இன்றைக்கும் கற்பவர் இந்த வரிசையிலேயே தொடங்குவது நலம்.

பாமினிக்குள் ஒளிந்த தமிழ்

இதே ஆண்டுகளில் தமிழ் எப்படி இருந்தது? யூனிகோட் தனது முதற் பதிப்பிலேயே, 1991இல், தமிழுக்கு இடம் ஒதுக்கியிருந்தது. ஆனால், சாதாரண மனிதரின் கணினியில் அது இயங்க இன்னும் பல ஆண்டுகள் இருந்தன. விண்டோஸ் 2000 வந்த பின்னரே அதற்கு வழி பிறந்தது. அதுவரை தமிழர்கள் ஒரு குறுக்கு வழியைக் கையாண்டார்கள். ஆங்கில எழுத்துகள் இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தார்கள். ஈழத்தமிழரிடையே, குறிப்பாகப் புலம்பெயர்ந்த நாடுகளில், அப்படிப் பரவியவற்றில் பாமினிக்குப் பேரிடம் உண்டு. பேஜ்மேக்கரில் பக்கம் கட்டிய எங்களில் பலருடைய விரல்களில் அந்த விசைகள் இன்னமும் இருக்கின்றன.

பாமினியில் 'தமிழ்' என்று எழுத ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து விசைகளைத் தட்ட வேண்டும். திரையில் தெரிவது தமிழ். ஆனால், கோப்பில் பதிவாகியிருப்பது அந்த ஆங்கில எழுத்துகள் நான்கும் ஓர் அரைப்புள்ளியுமே. பாமினி இல்லாத கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தால் தமிழ் என்ற சொல்லே இருக்காது. தேடுபொறிக்கும் அது தமிழ் என்று தெரியாது. ஒவ்வொருவரும் ஒவ்வோர் எழுத்துருவைப் பிடித்துக்கொண்டதால், ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க முடியாத நிலை ஏற்பட்டது. இதைச் சீர்ப்படுத்த ரிஸ்கி என்ற குறியேற்றத்தை இணையத் தமிழ் ஆர்வலர்கள் உருவாக்கினார்கள். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெற் 99 மாநாட்டை அடுத்து ராம், ராப் என்ற குறியேற்றங்களைத் தமிழ்நாட்டு அரசு ஏற்றுக்கொண்டது. நோக்கம் நல்லதுதான், ஆனால், இருந்த குறியேற்றங்களோடு மேலும் சில சேர்ந்தன.

யூனிகோட் பரவத் தொடங்கியபோது, பழையதைப் புதியதாக மாற்ற வேண்டிய தேவை வந்தது. இங்கேதான் நெட்ஸ்கேப்பின் பத்து நாள் மொழி தமிழுக்குக் கைகொடுத்தது. தனிமனிதர்கள், ஊதியம் எதுவுமின்றி, ஜாவாஸ்கிரிப்டில் எழுத்துரு மாற்றிகளை எழுதி வலையில் இட்டார்கள். மேலே ஒரு கட்டம், கீழே ஒரு கட்டம், நடுவே ஒரு பொத்தான். மேலே பாமினியை ஒட்டினால் கீழே யூனிகோட் தமிழ் வரும். மென்பொருள் எதையும் நிறுவ வேண்டியதில்லை. பக்கத்தைச் சேமித்து வைத்துக்கொண்டால் இணைய இணைப்புக்கூடத் தேவையில்லை. மூலத்தைத் திறந்து பார்த்து, அட்டவணையை மாற்றி, வேறோர் எழுத்துருவுக்குப் புதிய மாற்றி செய்யவும் முடிந்தது. பிறரது பக்கத்தைப் பார்த்துக் கற்பது என்ற வலையின் பழைய வழக்கம் தமிழுக்குத் தந்த கொடை இது.

மாற்றி செய்கிற வேலையைக் கவனித்தால் நிரலாக்கத்தின் சாரம் விளங்கும். 'கை' என்ற எழுத்தை எடுத்துக்கொள்வோம். பாமினியில் ஐகாரக் கொம்பை முதலில் தட்டி, ககரத்தைப் பின்னர் தட்டுவோம். கண்ணுக்குத் தெரியும் வரிசை அது. விசைகள் ஐ, எஃப். யூனிகோட்டில் வரிசை தலைகீழ்: முதலில் ககரம், அதன்பின் ஐகாரக் குறி. 'கொ'வுக்கு பாமினியில் மூன்று விசைகள்: கொம்பு, ககரம், அரவு. யூனிகோட்டில் ககரமும் ஒகரக் குறியுமாக இரண்டே. ஆகவே, ககரத்தை முதலில் மாற்றிவிட்டால் கொம்பும் அரவும் அநாதையாக நிற்கும். நீண்ட கூட்டங்களை முதலிலும் தனி எழுத்துகளை இறுதியிலும் மாற்ற வேண்டும். எது முன், எது பின் என்ற இந்த ஒழுங்குதான் நிரலாக்கம், மற்றதெல்லாம் எழுத்துக்கூட்டல்.

ஒரு வேடிக்கையும் உண்டு. ஐ, எஃப் என்ற இரண்டு எழுத்துகளும் சேர்ந்தால் ஜாவாஸ்கிரிப்டில் 'இஃப்', அதாவது நிபந்தனையைத் தொடங்கும் சொல். அதே எழுத்துகள் பாமினியில் 'கை'. கட்டுரையின் நடுவே ஓர் ஆங்கில வாக்கியம் இருந்தால், அதிலுள்ள 'இஃப்' எல்லாவற்றையும் மாற்றி 'கை' ஆக்கிவிடும். எது தமிழ், எது ஆங்கிலம் என்று பிரித்தறியும் அறிவு அட்டவணைக்கு இல்லை.

'வௌிநாடு' எங்கிருந்து வந்தது?

நமது இணையத்தளங்களில் 'வெளிநாடு', 'வெளியீடு' என்ற சொற்களை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? பல இடங்களில் அவை 'வௌிநாடு', 'வௌியீடு' என்று இருக்கும். வகரத்தோடு ஔகாரக் குறி சேர்ந்து, அதன் மேல் ஒரு விசிறி தொங்கும். கண்ணுக்குப் பெரும்பாலும் வித்தியாசம் தெரியாது. எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் தேடலுக்குத் தெரியும். 'வெளிநாடு' என்று தேடுகிறவருக்கு அப்பக்கம் அகப்படாமல் போகலாம்.

இது வந்த வழி இதுதான். பாமினியில் ஔகாரத்துக்குத் தனிக் குறி கிடையாது. முன்னால் கொம்பும் பின்னால் ளகரமும் இட்டே 'வௌ' எழுதப்படும். ஆகவே, 'வௌவால்' என்பதன் முதலெழுத்தும் 'வெளி' என்பதன் முதல் இரண்டு எழுத்துகளின் தொடக்கமும் கோப்பில் ஒரே விசைகள்தான். 'கொம்பு, வகரம், ளகரம் வந்தால் வௌ என்று மாற்று' என்று அட்டவணையில் இருந்தால், 'வெளி'யும் அந்த வலையில் விழும்.

இதற்குத் தீர்வு ஒரேயொரு நிபந்தனை. ளகரத்தை அடுத்து விசிறியோ அரவோ குற்றோ, அதாவது புள்ளியோ, வந்தால் அது ளகரந்தான், ஔகாரமல்ல என்று ஒரு வரி எழுதினால் போதும். 'வெளி'யும் 'வெள்ள'மும் தப்பிவிடும். ளகரத்தின் பின் குறி எதுவும் இல்லாத சொற்கள் எஞ்சும். அவற்றைத் தீர்மானிக்கத் தமிழ் தெரிந்த ஒருவரின் கண் வேண்டும். பத்திரிகைகளில் அவருக்கு ஒப்புநோக்காளர் என்று பெயர். இயந்திரம் ஆயிரம் பக்கங்களை ஒரு கணத்தில் மாற்றித் தரலாம். ஒப்புநோக்காமல் அவற்றை அச்சுக்கு அனுப்ப எந்த ஆசிரியரும் துணியமாட்டார். ஆனால், அந்த ஒரு வரியை எழுதத் தெரிந்தவர் இல்லாத இடத்தில், தமிழ் எவ்வளவு தெரிந்தாலும் பிழை பிழையாகவே ஆண்டாண்டாக நிற்கிறது. மொழி தெரிந்தவரும் நிரல் தெரிந்தவரும் வெவ்வேறு மேசைகளில் இருப்பதன் விலை இது.

மூடிக்கொண்டிருக்கும் வாசல்

ஜாவாஸ்கிரிப்டின் பிற்கால வளர்ச்சியைச் சுருக்கமாகச் சொல்லலாம். 2004இல் வந்த ஜிமெயிலும் 2005இல் வந்த கூகுள் வரைபடமும், முழுப் பக்கத்தையும் மீண்டும் ஏற்றாமலே உலாவிக்குள் பெரிய காரியங்களைச் செய்யலாம் என்று காட்டின. 2008இல் குரோம் உலாவியோடு வந்த வி8 பொறி மொழியின் வேகத்தைப் பன்மடங்காக்கியது. 2009இல் ரயன் டால் உருவாக்கிய நோட் அதை வழங்கிக்கும் கொண்டுசென்றது. 2015இல் வந்த நியமப் பதிப்பு மொழியைப் பெரிதும் செப்பனிட்டது. அமெச்சூர்களுக்காகப் பிறந்த மொழி தொழில்முறையாளர்களின் மொழியாயிற்று.

இந்த வளர்ச்சிக்கு ஒரு விலையும் உண்டு. பெருந்தளங்களின் மூலத்தை இன்று திறந்தால், இடைவெளிகள் நீக்கப்பட்டு, பெயர்களெல்லாம் ஓரெழுத்தாகச் சுருக்கப்பட்ட நிரலே தெரியும். வேகத்துக்காக அப்படிச் செய்கிறார்கள். அதில் குற்றம் இல்லை. ஆனால், பார்த்துப் படிக்க அதில் ஒன்றும் இல்லை. கேட்டால் நிரலை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் வந்துவிட்டன. அவை எழுதித் தரும் மாற்றியில் 'வெளி' சரியாக வருகிறதா என்று கண்டுகொள்ளவும், எந்த வரி பிழைக்கிறது என்று சுட்டவும், அந்த ஐந்து அடிப்படைகள் தெரிந்திருக்க வேண்டும்.

பழைய பக்கங்கள் நமக்காகக் காத்திருக்கப் போவதில்லை. தனிமனிதர்களின் பக்கங்களுக்கு இலவச இடம் கொடுத்த ஜியோசிற்றீஸ், 2009 ஒக்டோபரில் மூடப்பட்டது. அங்கே இருந்தவற்றில் ஆவணக் காப்பாளர்கள் திரட்டி வைத்தவை போக மற்றவை அழிந்தன. எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்து அனுப்பும் வசதியை நம்பி 1997க்குப் பின்னர் பல தமிழ்த் தளங்கள் கட்டப்பட்டன. அவ்வசதியைத் தந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு 2022 ஜூன் 15ஆம் திகதி ஓய்வு கொடுக்கப்பட்டுவிட்டது. அந்தப் பக்கங்கள் எங்கேனும் எஞ்சியிருந்தாலும், இன்றைய உலாவிகளில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகவே தோன்றும்.

உங்கள் வீட்டிலோ, ஊர்ச் சங்கத்தின் அலுமாரியிலோ, பழைய குறுந்தட்டு ஒன்றில் பாமினியிலோ வேறோர் எழுத்துருவிலோ எழுதப்பட்ட கோப்புகள் இருக்கக்கூடும். அவற்றை முதலில் பிரதி எடுங்கள். எந்த எழுத்துருவில் எழுதப்பட்டன என்பதைக் குறித்து வையுங்கள். அந்தப் பெயர் தொலைந்தால் சாவியும் தொலைந்த மாதிரி. யூனிகோட்டுக்கு மாற்றிய பின்னரும் மூலக் கோப்பை எறிந்துவிடாதீர்கள். மாற்றியதை மூலத்தோடு வைத்து ஒருவர் வாசிக்க மற்றவர் பார்க்கட்டும்.

வீட்டில் பதினான்கு பதினைந்து வயதில் ஒரு பிள்ளை இருந்தால், இந்த வேலையையே அதற்கு முதற் பாடமாகக் கொடுக்கலாம். ஒரு கட்டம், ஒரு பொத்தான், ஓர் அட்டவணை, ஒரு நிபந்தனை. நிரலை அந்தப் பிள்ளை எழுதட்டும். தமிழை நீங்கள் ஒப்புநோக்குங்கள். முதல் நாளிலேயே 'வௌவா'லும் 'வெளி'யும் உங்கள் இருவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்துவிடும்.